பழைய ஹார்டு டிஸ்க் மாட்டியதும் கம்ப்யூட்டர் மெதுவானால்

கடலூர் மஞ்சக்குப்பம் வாசகர் ஒருவருக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலாத் தோப்பு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்த மரங்களின் படங்களும் தோப்புக் கணக்கும் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் உள்ளன. அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக மாட்டியதிலிருந்து, ஒரு நிமிடத்தில் திறந்தது இப்போது பத்து நிமிடம் ஆகிறதாம். ஃபார்மட் செய்துவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். படங்களும் கணக்கும் போய்விடும்.

முதலில் கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய டிஸ்க்கின் இரண்டு ஒயர்களையும் கழற்றவும். இப்போது சட்டென்று திறந்தால் கோளாறு அந்தப் பக்கம்தான். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் ஒயர் முனைகளில் கறை படியும். வேறு டேட்டா ஒயர் போட்டுப் பார்க்கலாம், விலை அதிகமில்லை. பழைய டிஸ்க்கிலும் விண்டோஸ் இருந்தால், பயாஸில் புதிய டிஸ்க்தான் முதலில் இருக்கிறதா என்று பார்க்கவும்.

அப்படியும் மெதுவாக இருந்தால் டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருக்கலாம். படிக்க முடியாத இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அதுவரை கம்ப்யூட்டர் காத்திருக்கும். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் அதற்கு மேல் ஓட்டாமல், தரவு மீட்கும் கடையில் கொடுப்பதே நல்லது. சத்தம் இல்லையென்றால் உடனே வேறு டிஸ்க்கில் நகல் எடுக்கவும், புயல் படங்களை முதலில். பட்டா, சிட்டா நகலை இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்; அந்தப் படங்களை எடுக்க முடியாது. பலர் அவசரப்பட்டு ஓட்டும் 'செக் டிஸ்க்' சோதனை நகல் எடுத்த பிறகுதான். பழுதான டிஸ்க்குக்கு அது பெரிய சுமை. விண்டோஸ் தானாகவே அதைத் தொடங்கப் பார்த்தால், திரையில் நொடி எண்ணும்போதே ஏதாவது ஒரு விசையை அழுத்தி நிறுத்தலாம்.