தடமறிந்து வண்டி தேர்க!

காலை அளந்து செருப்புத் தைப்பவன் தொழில் அறிந்தவன். செருப்பைத் தைத்து முடித்துவிட்டு, அதற்கேற்பக் காலைத் தறிக்க முற்படுபவனை உலகம் பேதை என்னும். இதனை மறுப்பார் எவருமிலர். எனினும், பொதுமக்கள் பணத்தைக் கொண்டு நகர ரயில்களை வாங்கும் பெரியோர் பலர், இந்நாளிலும் காலைத் தறிக்கும் வேலையையே செய்து வருகின்றனர். முதலில் வண்டியின் வடிவழகில் மயங்குகின்றனர். பின்னரே அது எந்தத் தடத்தில் ஓடும் என்று வினவுகின்றனர்.

இவ்வினா நெகிரி செம்பிலான் தோட்டப்புற மக்களுக்கு அயலான ஒன்றன்று. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை 1891-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சுங்கை ஊஜோங் ரயில்வே என்னும் தனியார் நிறுவனம் அமைத்த அப்பாதையை 1908-இல் அரசு ஏற்றது. மம்பாவ், சிலியாவ் வழியே தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் அத்தடம், முதலில் ஈயத்தைத் துறைமுகத்திற்குச் சுமந்தது. பின்னர் ரப்பரைச் சுமந்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தபின் எண்ணெயைச் சுமந்தது. பயணிகள் வண்டி நின்றது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள் சரக்கு வண்டியும் நின்றது. இன்று புல்லும் புதரும் அதன்மேல் ஆட்சி புரிகின்றன.

இப்பாதைக்கு மீண்டும் உயிரூட்ட வேண்டும் என்னும் குரல் அவ்வப்போது எழுவதுண்டு. நாமும் அக்குரலோடு நம் குரலைச் சேர்க்கிறோம். ஆயின், அக்குரலை அடுத்து, “கோலாலம்பூரில் ஓடுகிறதே எல்.ஆர்.டி., அதனையே இங்கும் கொண்டு வாருங்கள்” என்று சிலர் முழங்குகின்றனரே, அங்கேதான் நாம் வேறுபடுகிறோம். வேண்டுகோள் நன்று, வரிசைதான் தவறு.

கோலாலம்பூர் நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது? 1996-இல் அம்பாங் தடத்தில் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. 1998-இல் திறக்கப்பட்ட கிளானா ஜெயா தடமோ, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த உலோகப் பட்டையின் துணைகொண்டு நேர்கோட்டு மின்னோடியால் இயங்குவது. 2003-இல் வந்த மோனோரயில் ஒற்றை விட்டத்தின்மேல் ஊர்ந்து செல்வது. மூன்றும் ஒரே நகரில் ஓடுகின்றன. ஆனால், ஒன்றின் வண்டி மற்றொன்றின் தடத்தில் ஓடாது. ஒன்றில் வண்டிப் பற்றாக்குறை நேர்ந்தால் மற்றொன்றிலிருந்து இரவல் பெற வழியில்லை. பணிமனையும் உதிரி உறுப்புகளும் தனித்தனியே வேண்டும். கோடிக்கணக்கான மக்கள் வந்துபோகும் தலைநகர் அச்செலவைத் தாங்கலாம். சிறிய மாநிலம் தாங்குமா?

உலக அனுபவமும் இதனையே உரைக்கின்றது. அமெரிக்காவில் பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ ஆகிய இரு நகரங்களுக்கும் பொதுவாக ஒரே வகை இலகு ரயில் வண்டியை, வானூர்தித் தொழிலில் புகழ்பெற்ற போயிங் நிறுவனம் செய்து தந்தது. 1976-இறுதியில் பாஸ்டனில் ஓடத் தொடங்கிய அவ்வண்டிகள், அந்நகரின் பழைய குறுகிய வளைவுகளில் தடம் புரண்டன. கதவுகள் ஓயாது பழுதுற்றன. ஹெலிகாப்டர் செய்யத் தெரிந்த கைக்குப் பாஸ்டனின் வளைவு தெரிந்திருக்கவில்லை.

அண்மைச் சான்று வேண்டுமா? ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் அஸ்தூரியாஸ், கன்டாப்ரியா மாநிலங்களின் மலைப்பாதைகள், நம் பாதையைப் போலவே மீட்டர் பாதைகள். அவற்றுக்கென 2020-இல் 31 ரயில்கள், ஏறத்தாழ 258 மில்லியன் யூரோ விலையில் வாங்க ஆணை பிறந்தது. குறித்த அளவில் செய்தால் அவை பழைய குகைகளுக்குள் நுழையமாட்டா என்னும் செய்தி 2023-இல் அம்பலமாயிற்று. நல்வாய்ப்பாக வண்டிகள் செய்யப்படவில்லை. எனினும், ரயில் நிறுவனத் தலைவரும் போக்குவரத்துத் துறைச் செயலாளரும் பதவி விலக நேர்ந்தது. ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு குகைவாயிலுக்குச் செல்ல எவருக்கும் நேரமில்லாமற் போனதன் விலை அது!

இதற்கு நேர்மாறான செய்தியையும் கூறுதல் நம் கடமை. ஈழத்தமிழ் உறவுகள் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ நகரின் டிராம் தடம் 1,495 மில்லிமீட்டர் அகலமுடையது; உலகின் பொது அளவாகிய 1,435-க்கு ஒவ்வாதது. அதன் வளைவுகள் சில, 11 மீட்டர் ஆரமே கொண்டவை. 2008-இல் புதிய வண்டிகளுக்கு விலைப்புள்ளி கோரியபோது, முன்மொழியப்பட்ட வண்டி தன் வளைவுகளில் தடம் புரளும் எனக் கூறி நகரப் போக்குவரத்து ஆணையம் ஏற்க மறுத்தது. மறு ஆண்டு, அத்தடத்திற்கேற்ப மாற்றியமைத்த 204 வண்டிகளுக்கு ஆணையிட்டது. அவை வந்து சேரக் காலம் கடந்தது உண்மையே. ஆயினும், “எங்கள் தடம் இது, இதற்கேற்ற வண்டியைக் கொண்டு வா” என்று நிமிர்ந்து கூறிய அந்நகரின் துணிவு போற்றத்தக்கது.

இனி நம் தடத்திற்கு வருவோம். சிரம்பான் – போர்ட்டிக்சன் பாதை மீட்டர் பாதை. சிரம்பான் நிலையத்திற்கு 1995 முதல் வந்துபோகும் கொமுட்டர் மின்வண்டியும் மீட்டர் பாதை வண்டியே. எனவே, நமக்கு வேண்டியது மீட்டர் பாதையில் ஓடவல்ல, எடை குறைந்த, இரண்டு பெட்டிகளே கொண்ட சிறு வண்டி. தோட்டப் பாதை முழுமைக்கும் மின்கம்பி இழுக்க வேண்டுவதில்லை. சிரம்பானில் மின்னேற்றிக்கொண்டு புறப்படும் மின்கல வண்டியும் போதும், டீசல் வண்டியும் போதும். அடிக்கடி நிற்கவும் விரைந்து புறப்படவும் அது வல்லதாதல் வேண்டும். முதியோர் ஏணியேறுவது போல் ஏறாமல், நடைமேடையிலிருந்து நேரே காலெடுத்து வைக்கத்தக்க தாழ்தளம் வேண்டும். அச்சுப் பாரம் பழைய பாலங்கள் தாங்கும் அளவினதாதல் வேண்டும். சக்கர விளிம்பு, கொமுட்டர் தடத்தின் பிரிவுகளில் இடறாத வடிவினதாதல் வேண்டும். இவற்றை அளந்து எழுதிய பின்னரே விலைப்பட்டியலைப் புரட்ட வேண்டும்.

“மீட்டர் பாதை பழமைக்கோலம், வெள்ளையன் விட்டுச்சென்ற குறும்பாதை” என இகழ்வார் உளர். அவர்க்கு விடை எளிது. சுவிட்சர்லாந்தின் சூரிக், பேசல், ஜெனீவா ஆகிய செல்வ நகரங்களின் டிராம்கள் இன்றும் மீட்டர் பாதையிலேயே ஓடுகின்றன. அங்கே பழமை எனத் தோன்றாதது இங்கே மட்டும் ஏன் தோன்றுகிறது?

“பாதை சிதைந்துவிட்டது, எல்லாவற்றையும் அகற்றிப் புதியது போடுவதே நலம்” என்பார் உளர். கட்டைகள் மாற்றப்பட வேண்டும், சடக்குக் கடவைகள் செப்பனிடப்பட வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆயின், பாதைக்கென ஒதுக்கிய நிலமும், மண்மேடும், மலை வெட்டும் அங்கேயே உள்ளன. அவற்றை விடுத்து வானளாவிய தூண்கள்மேல் புதுத்தடம் எழுப்பினால், அது தோட்ட வாயிலில் நில்லாது. தலைக்கு மேலே பறந்து போகும். தூண்மேல் நிலையம் அமைக்கப் பெருஞ்செலவு ஆகுமாதலின், நிலையங்கள் குறையும். குறையும்போது முதலில் விடுபடுவது எவ்வூர்? செம்மண் சடக்கின் கடைசியில் கிடக்கும் நம் ஊரே.

யான் தோட்டத் தமிழ்ப்பள்ளியொன்றில் பணியாற்றிய காலத்தில், மாணவரைப் பிற்பகல் வகுப்புக்கு நிறுத்துவதே பெருஞ்சிக்கல். நிறுத்தினால் பேருந்து போய்விடும். அடுத்த பேருந்து மாலையில்தான் வரும், சில நாள்களில் வரவே வராது. அறிவுள்ள சிறுவர் எத்தனையோ பேர், பேருந்து நேரத்திற்கு அஞ்சி வகுப்பை இழந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, செம்பனையும் வீடமைப்பும் எழுந்தபின், மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம்மவர்க்கு மோட்டார் சைக்கிளே கதியாயிற்று. வண்டித் தேர்வு பொறியாளர் மேசைமேல் உள்ள தாள் மட்டுமன்று. ஒரு மாணவன் வகுப்பில் இருப்பானா, இரானா என்பதை முடிவு செய்யும் தீர்ப்பு அது.

மேலும் ஒன்று. இந்நாட்டுத் தண்டவாளங்களைப் பேணிக் காத்த கூலியாள்களில் தமிழர் மிகுதி. ஜப்பானியர் ஆட்சியில் தம்பின் – மலாக்கா பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அத்தண்டவாளங்களைப் போலவே தோட்டங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்ட நம்மவரில் பல்லாயிரவர் மீளவில்லை. தடம் போட உயிர் கொடுத்த இனம், அத்தடத்தில் எவ்வண்டி ஓட வேண்டும் என்று சொல்லும் உரிமையை எவரிடமும் இரந்து பெற வேண்டியதில்லை.

இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தேரையும் கப்பலையும் காட்டி, எத்துணை வலிய ஊர்தியும் தனக்குரிய இடத்திலன்றிப் பயன்படாது என்று உணர்த்தியுள்ளார். அவ்வதிகாரத்தை மனப்பாடப் பகுதியாக மட்டும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகிறோம். மாணவரிடம் அளவுகோலைக் கொடுங்கள். தம் குடியிருப்பிலிருந்து பழைய பாதை எவ்வளவு தொலைவு, நாள்தோறும் எத்தனை பேர் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் செல்கின்றனர், எந்நேரத்தில் செல்கின்றனர் என்று கணக்கெடுத்துக் கட்டுரை வரையச் செய்யுங்கள். அக்கட்டுரைகளைத் தொகுத்துச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். வண்டி வாங்கும் நாள் வரும்போது, அளந்தறிந்த கணக்கு நம் கையில் இருக்கட்டும். அதுவரை, பளபளக்கும் வண்டிப் படங்களைக் காட்டி நம்மை மயக்க வருவோரிடம் ஒன்றே கேட்போம்: “ஐயா, எங்கள் தடத்தை அளந்தீர்களா?”