ஙகரத்தின் முன் நிற்கும் குழந்தை

தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளில் வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் புதிதாக அமைக்க வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கியது. பெருந்தொற்றால் ஏறத்தாழ 19 மாதங்கள் வகுப்பறையைப் பார்க்காத பிள்ளைகள் எழுத்தறியாமலே இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்ததுதான் உடனடிக் காரணம். 2025க்குள் எட்டு வயதுக் குழந்தைகள் எல்லோரும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பது இலக்காக இருந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரிக்கப்பட்டன. கதைக்கும் பாடலுக்கும் பொம்மலாட்டத்துக்கும் வகுப்பிலேயே களங்கள் ஒதுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே நான்காம், ஐந்தாம் வகுப்புகளும் இதில் சேர்ந்தன.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்கார வைத்தது. பாட அட்டையை அவர்களே எடுத்துக் கற்றல் ஏணியில் தாமே முன்னேறினார்கள். தன் உயரத்துக்கு எட்டும் கரும்பலகை ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கிடைத்தது அப்போதுதான்.

இத்தகைய முயற்சிகள் அனைத்தையும் அண்மையில் ஓர் இதழில் வெளிவந்த கட்டுரை ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறது. அகர முதலான வரிசையை மீறி எழுத்தை அறிமுகம் செய்யும் எந்த முறையும் தமிழ் மரபுக்கு எதிரானது என்பது அதன் வாதம். மரபைப் பற்றிய பிழையான புரிதல் இது.

நெடுங்கணக்கின் வரிசை இலக்கணிகளின் மாபெரும் சாதனை. அடிநாவில் பிறக்கும் ககரத்தில் தொடங்கி இதழ் பொருந்தும் பகரம் வரை, ஒவ்வொரு வல்லெழுத்துக்கும் பக்கத்தில் அதன் மெல்லெழுத்தை அது நிறுத்துகிறது. ஒலி பிறக்கும் இடத்தை ஆராய்ந்தவர்கள் வகுத்த அட்டவணை அது. படிக்கத் தொடங்கும் குழந்தைக்காக வகுத்ததாகத் தெரியவில்லை. க முடிந்ததும் ங வருகிறது. ஙகரத்தை முதலாகக் கொண்டு குழந்தை சொல்லத்தக்க சொல் ஒன்றுகூட இல்லை. ஆத்திசூடியிலேயே அந்த இடத்தில் எழுத்தின் வடிவத்தைத்தான் உவமையாக்க வேண்டியிருந்தது. ட, ப, ம, த என்று தொடங்கினாலோ படம், மடம், தடம், பட்டம் எல்லாம் முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும். வரிசையை மூன்றாம் வகுப்பில் பாட்டாகக் கற்கலாம்; அப்போது அதன் அழகும் புரியும்.

குழந்தை உண்மையில் தடுமாறும் இடம் வேறு. ‘கெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு முதலில் படுகிறது, வாயில் பிறகு ஒலிக்கிறது. ‘கொ’வில் குறி இருபுறமும் நிற்கிறது. ‘வௌவால்’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டும் குழந்தை ‘வெ, ள, வா, ல்’ என்று படிக்கிறது. எழுதியிருப்பதை அது சரியாகத்தான் பார்க்கிறது. 1978 சீர்திருத்தம் ணை, லை, றா போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. உகர, ஊகர வரிசையைத் தொடவில்லை. கு ஒரு விதம், சு ஒரு விதம், து ஒரு விதம். இந்த இடங்களில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் கைப்பேசியில் மதிப்பீட்டைப் பதிவேற்றும் வேலை தின்றுவிடுகிறது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் மீது வைக்க வேண்டிய குற்றச்சாட்டு இது.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் காட்டுவோர் அதன் உண்மையான பலத்தைக் கவனிப்பதில்லை. மணலில் விரல் எழுதும்போதே வாய் அந்த எழுத்தைச் சொன்னது. மூத்த பிள்ளை இளையதற்குக் கற்றுக் கொடுத்தது. சென்னையில் இதைக் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1797இல் லண்டனில் நூலாக வெளியிட, அது ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பரவியது. மூதுரைகள் பிள்ளைகளுக்கு முன்பே மனப்பாடம். ஏற்கெனவே காதில் இருந்த வரியைத்தான் பிறகு ஓலையில் கண் தேடிப் பிடித்தது.

சிற்றிதழ் வட்டாரம் ஒரு காலத்தில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, நியாயமாகவே. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் அவருடைய முறைப்படி ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் வகுப்புகள் நடந்தன. அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களை அசை அசையாகப் பிரிப்பதே வழி. அதே ஆண்டு வெளிவந்த சில்வியா ஆஷ்டன்-வார்னரின் ‘டீச்சர்’ நூலில், நியூஸிலாந்தின் மவோரிக் குழந்தை கேட்கும் சொல்லையே ஆசிரியை அட்டையில் எழுதிக் கொடுக்கிறார். பயந்த சொல், ஆசைப்பட்ட சொல் ஒருமுறை பார்த்தாலே மறப்பதில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டங்களில் இன்னும் இடம்பெறாதது இந்த அட்டைதான். எழுதுதல் என்றால் பார்த்து எழுதுதல் என்றே இருக்கிறது.

படிப்பதற்கும் ஏதாவது வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற படிகளில் சிறுநூல்களை அச்சிட்டது நல்ல காரியம். ஆனால் புத்தகம் கிழிந்தால், தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர் என்னும் அச்சம் பள்ளிகளில் பழையது. அதனால் பல இடங்களில் அவை பீரோவுக்குள் புது வாசனை போகாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. கிழிந்த கதைப் புத்தகத்தை யாரிடமும் விளக்கம் கேட்காமல் பதிவேட்டிலிருந்து நீக்க ஓர் ஆணை போதும்; பீரோவைத் திறந்து வைக்க ஆசிரியருக்குத் தயக்கம் இருக்காது.