பயணத் துணை: ஏற்றத்தில் இழுப்பதும் இறக்கத்தில் தள்ளுவதும்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே வசிக்கும் நம் குடும்பங்களுக்கு டிரெய்லர் என்பது புதுமையான பொருளன்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட டிரெய்லர்களும், துறைமுகம் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் வண்டிகளும் இரவும் பகலும் நம் வாசல் வழியே போகின்றன. ஆயினும் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தப் பகுதி முழுவதும் தட்டையான ஏரிப் பூமி. இங்கே வண்டி ஓட்டப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, இறக்கம் என்றால் மேம்பாலத்தின் மறுபுறம் மட்டுமே.

கூடாரமும் பாத்திரங்களும் படுக்கையும் ஏற்றிய சிறு டிரெய்லரைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு, பெருநாள் விடுமுறைக்கு மலையேற வேண்டும் என்ற ஆவல் இப்போது சில இல்லங்களில் எழுந்துள்ளது. 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பின்னர், வீட்டையே உடன் கொண்டு செல்லும் எண்ணம் நம் பக்கமும் பரவியது. நல்ல ஆசைதான். தங்கும் விடுதிச் செலவு மிச்சம். உம்மாவின் கைச்சமையலும் கிடைக்கும். ஆனால் அங்கே பேசப்படுபவை பெரும்பாலும் தானே ஓடும் கேரவன்கள். காரின் பின்னால் இழுக்கப்படும் வண்டியின் குணம் முற்றிலும் வேறு.

நமக்கு அருகிலுள்ள மலை ஏலகிரி. காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர் வழியே நெடுஞ்சாலையில் வாணியம்பாடி சென்று, அங்கிருந்து பொன்னேரியை அடைந்தால் மலைச்சாலை தொடங்கிவிடும். கொண்டை ஊசி வளைவுகள் 14. புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் அவ்வளைவுகளுக்குச் சூட்டப்பட்டுள்ளன. பிள்ளைகள் உரக்கப் படித்துக்கொண்டே வருவார்கள். ஏறும்போது எல்லோரும் அஞ்சுவார்கள், எஞ்சின் முனகும். உண்மையில் ஏற்றம் அத்தனை ஆபத்தானதன்று. ஏற முடியாவிட்டால் வண்டி தானாகவே வேகம் குறையும். அபாயம் யாவும் இறக்கத்தில்தான் காத்திருக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். காரும் டிரெய்லரும் ஆட்களுமாகச் சேர்ந்து 3 டன் எடை என்று கொள்வோம். 600 மீட்டர் உயரத்திலிருந்து அதனைக் கீழே கொண்டுவரும்போது வெளிப்படும் ஆற்றல், 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வலீமா விருந்துக்கு அடுப்பேற்றும் பெரிய தேக்சாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டுமென்றால் என்ன ஆகும்? இன்னொரு விதமாகச் சொன்னால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே வண்டியைச் சற்றேறக்குறைய 40 தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்கு இது சமம். லைனிங் தீய்ந்து பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் பழையதாயின் அது ஈரம் உறிஞ்சியிருக்கும்; அந்த ஈரம் கொதித்து ஆவியானால் மிதித்த கட்டை பஞ்சுபோல் தரைவரை போய்விடும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

இதற்கு மருந்து புதியதன்று. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லாரி ஓட்டுநர்கள் கிளீனர் பையனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். இரண்டாம் கியரில் ஏறினால் இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே, மேலே நிற்கும்போதே, கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைக்க முயல்வது தாமதம். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைத் தணித்து, பிறகு முழுவதும் விட்டுவிடலாம். காலை அதன்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் கேடு. தானியங்கி கியர் உள்ள கார்களிலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்து கொள்ளும் வசதி பெரும்பாலும் உண்டு. மின்சாரக் கார் வைத்திருப்போர், மலையுச்சியில் பேட்டரியை நிறைய ஏற்றிக்கொண்டு இறங்கலாகாது. நிறைந்த பேட்டரி இறக்கத்தின் ஆற்றலை வாங்கிக்கொள்ளாது.

நியூட்ரலில் இறங்கினால் எரிபொருள் மிச்சம் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். இது இக்காலக் கார்களுக்குப் பொருந்தாத கணக்கு. கியரில் இருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எஞ்சினுக்கு எரிபொருள் செல்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் தனியாக ஓடுவதற்கு எண்ணெய் செலவாகிறது! எஞ்சினை அணைத்து இறங்குவதோ அதனினும் மோசம். இரண்டு மூன்று மிதிப்புக்குப் பின் பிரேக் கல்லாக இறுகிவிடும், ஸ்டீயரிங்கும் திரும்பாது. தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் ஓட்டாதீர் என்று எச்சரித்தும் விபத்துகள் ஓயவில்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே கட்டுப்பாட்டை இழந்த லாரி முன்சென்ற வாகனங்கள் மீது மோதியதில் உயிர்கள் பறிபோயின.

இனி டிரெய்லருக்கே உரிய தொல்லை. தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லர், கார் வேகம் குறையும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து தள்ளும். வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினால் அது காரின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டையும் கத்தரிபோல் மடக்கிவிடலாம். எனவே வேகத்தை வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் குறைத்துவிடுங்கள். திரும்பும்போது டிரெய்லரின் சக்கரங்கள் காரின் தடத்தைவிட உட்புறமாகவே வரும். சற்று அகலமாகத் திரும்பாவிட்டால் அவை உட்பக்கச் சுவரையோ பள்ளத்தையோ தேடிப் போகும். எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மலைச்சாலையில் முன்னுரிமை ஏறுபவருக்கே.

இங்கே இல்லத்தரசிகளிடம் ஒரு வார்த்தை. சாமான் அடுக்குவது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. தண்ணீர் கேன், அரிசி, அடுப்பு, சிலிண்டர் போன்ற கனமானவை டிரெய்லரின் அச்சுக்கு மேலே, சற்று முன்புறமாக, தரையோடு இருக்கட்டும். பின்கோடியில் பாரம் ஏறினால் டிரெய்லர் நாயின் வாலைப்போல் ஆடத் தொடங்கும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் அமர வேண்டும். டிரெய்லர் 800 கிலோ என்றால் கொக்கியில் 80 கிலோ. அப்படியும் ஆட்டம் எழுந்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுப்பதே வழி.

வாங்கும் முன்பே காரின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். சில கார்களில் எதையும் இழுக்கலாகாது என்றே அச்சிட்டிருக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. தெருமுனைப் பட்டறையில் வெல்டிங் வைத்துத் தரும் டிரெய்லரோ எந்தச் சோதனையையும் கண்டிராது. கொக்கியோடு இரு பாதுகாப்புச் சங்கிலிகளும் குறுக்காக மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஓடும் டிரெய்லருக்குள் பிள்ளைகளை ஒருபோதும் படுக்க வைக்காதீர்கள்.

இறங்கும் வழியில் தீய்ந்த வாடை மூக்கில் பட்டால், ஓட்டுபவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நிறுத்தச் சொல்லுங்கள். அகலமான இடத்தில் ஒதுக்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் காய்ந்த இரும்பு வெடித்துவிடும். பொன்னேரியில் சமதரையைத் தொட்டதும் ஒருமுறை இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பாருங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு சூடு இருந்தால் சரி. ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால் அந்த பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நெடுஞ்சாலையில் ஏறும் முன், வாணியம்பாடியிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.