கேழ்வரகுல நார்ச்சத்து 3.6-ஆ, 11-ஆ? ஒரு சின்ன இழை

படப்பையில காலை ஓபி-ன்னா பாதிப் பேர் ஒரகடத்துல நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வர்றவங்க. அதுல ஒரு தம்பி, சுகர் இருக்கு. "டாக்டர், பழைய புக்ல கேழ்வரகு நார்ச்சத்து 3.6 கிராம். போன்ல பார்த்தா 11. எது பொய்?"

ரெண்டுமே பொய் இல்லைங்க. ரெண்டும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்ட கணக்குதான், 100 கிராமுக்கு. 2017 அட்டவணையில 11.18. முக்கியமா மாறினது அளக்கும் முறை.

பழைய எண் 'கச்சா நார்' முறையில வந்தது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில மாட்டுத் தீவனத்துக்காகக் கண்டுபிடிச்சது. மாவை நீர்த்த அமிலத்தில் கொதிக்க வச்சு, அடுத்து காரத்தில் கொதிக்க வச்சு, மிஞ்சினதை எடை போடுவாங்க. அந்தக் காரத்துலயே லிக்னின் பெரும்பகுதி கரைஞ்சு போயிடும், ஹெமிசெல்லுலோஸும் கூடவே.

லிக்னின்னா செடியின் செல்சுவரை இறுக்குற சிமென்ட். மரத்துல நிறைய, தானியத் தோல்ல கொஞ்சம். புது முறையில மாவுச்சத்தையும் புரதத்தையும் நொதிகள் செரிச்சிடும். லிக்னின் நார்க் கணக்குல நிக்கும்.

சரி, லிக்னினை மட்டும் அளந்தா? கிளாசன் முறையில 72% சல்ஃப்யூரிக் அமிலம், கரையாம நிக்கிறது லிக்னின். ஆனா மாவை வறுத்தா புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும் இல்லையா, அதுவும் கரையாது! அதையும் லிக்னின்னு எழுதிடுவாங்க. சத்துமாவை நல்லா வறுத்தாலே 'லிக்னின்' ஏறிடும். வான் சோஸ்ட் 1963-ல் கொடுத்த டிடர்ஜென்ட் முறையில புல், தானிய வகைக்கு பெரும்பாலும் இதைவிடக் குறைவாத்தான் வரும்.

இது லேப் ஆளுங்க சண்டைதானேன்னு விட முடியாது. நம்ம நாட்டு விதிப்படி 100 கிராமுக்கு 3 கிராம் நார் இருந்தா 'நார்ச்சத்து உள்ளது', 6 இருந்தா 'அதிகம்'னு பாக்கெட்ல போடலாம். அதனால என் கருத்து: எண்ணுக்குப் பக்கத்துல முறையின் பெயரையும் அச்சடிக்கணும். ஒரு வரி போதும்.

அந்தத் தம்பி 11-ஐ நம்பி தினம் ரெண்டு பெரிய டம்ளர் கேழ்வரகு மால்ட் குடிச்சிட்டு இருந்தார். அதே 2017 அட்டவணையில மாவுச்சத்து 67 கிராம் கிட்ட இருக்கு, அதை அவர் பார்க்கலை. மால்ட்டை நிறுத்திட்டு, அளவா ஒரு அடை, கூட கீரைன்னு சொல்லி அனுப்பினேன். மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி பார்க்கணும்.