பசியை அடக்கும் மருந்து

ஸ்தூல சரீரமுடையோரைப் பெருந்தீனிக்காரரென்று இகழ்வது உலக வழக்கம். அவ்விகழ்ச்சி நியாயமன்று. பசி வயிற்றில் மாத்திரம் தோன்றுவதன்று. மூளையின் ஆணைக்கும் உட்பட்டது. ஆகவே அது மருந்துக்கும் கட்டுப்படும். ஆனால் அம்மருந்து மூளையோடு நிற்குமா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் நிகழ்ந்ததை நோக்குவோம். பசியெழுச்சியைத் தணிக்கும் பென்டர்மின் 1959-லும், 'போதும்' என்ற திருப்தியை உண்டாக்கும் பென்ஃப்ளூரமின் 1973-லும் அந்நாட்டுச் சர்க்காரின் அனுமதி பெற்றன. இரண்டையும் சேர்த்து உட்கொள்வதற்கு அனுமதி ஒருபோதும் அளிக்கப்படவில்லை. எனினும் வைத்தியர்கள் சேர்த்தே எழுதிக் கொடுத்தனர். 1996-ல் மாத்திரம் இம்மருந்துகளுக்கான சீட்டுகள் 1 கோடியே 80 லட்சத்தைத் தாண்டின! 1997 ஆகஸ்டில், இவற்றை உட்கொண்ட 24 ஸ்திரீகளின் இருதய வால்வுகள் பழுதுற்ற செய்தி வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. செப்டம்பரில் பென்ஃப்ளூரமின் சந்தையினின்றும் நீக்கப்பட்டது. மூளையில் திருப்தியை விளைவித்த ஸெரோடோனின் வழியே, அம்மருந்து இருதயத்தையும் தாக்கியிருந்தது.

இன்றைய ஸெமக்ளுடைட் குடலில் சுரக்கும் ஹார்மோன் ஒன்றைப் போல் இயங்கிப் பசியைத் தணிக்கிறது. முந்தியவற்றினும் விரிவாகச் சோதிக்கப்பட்டதே. ஆயினும், நிறுத்திய ஓராண்டிற்குள், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியதாக ஒரு பரீட்சையில் கண்டனர். ஆதலின் இது நெடுநாட் சிகிச்சை. சில மாத அலங்காரமன்று.

தனித்தனியே அளித்த அனுமதி கூட்டிற்கு அனுமதியாகாது. வைத்தியர் சீட்டின்றி விற்பதும் வைத்தியமாகாது. நோயாளியை இகழாதிருப்பது ஜனங்களின் கடமை. மருந்தைக் கண்காணிப்பது சர்க்காரின் கடமை. முன்னது தவறினால் மனம் புண்படும். பின்னது தவறினால் உயிரே போகும்.