எந்த வண்டுக்கு அந்தப் பெயர்?

பேர்த்தில் உறவினர் இருப்பவர்கள் இந்த வண்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021 ஆகஸ்ட்டில் ஈஸ்ட் ஃப்ரீமேண்டிலில், ஒரு வீட்டு வளவில் நின்ற மேப்பிள் இனத்து மரத்தில் அதை முதலில் கண்டுபிடித்தார்கள். ஓர் எள்ளின் அளவுதான், ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். அதைத் துரத்துவதற்காகப் பெருநகரத்தையே தனிமைப்படுத்தல் வலயம் ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. ஹைட் பார்க் ஏரித் தீவுகளில் நின்ற மரங்களும் போயின. கடைசியில் 2025இல், இதை முற்றாக ஒழிக்க முடியாது, இனிக் கட்டுப்படுத்தத்தான் பார்க்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு மரத்துக்குள் சுரங்கம் தோண்டி, கூடவே கொண்டு வந்த பூஞ்சணத்தைச் சுவரில் விதைத்து, அந்தப் பயிரைத்தான் தானும் குஞ்சுகளும் சாப்பிடுகின்றன. விவசாயி என்றே சொல்லலாம். மரத்துக்கு வினையாவது அந்தப் பூஞ்சணம்: நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். இஸ்ரேலில் 2009இலும் தென்னாபிரிக்காவில் 2017இலும் இதே வண்டு பிடிபட்டது. கலிபோர்னியாவில் 2003இலேயே ஒன்று சிக்கியது. அப்போது அதைப் பார்த்தவர்கள், "இது சிலோன் தேயிலை வண்டு" என்று பெயர் எழுதி வைத்தார்கள்.

அந்தப் பெயரில்தான் சிக்கல்.

1868இல் ஐகோஃப் என்ற ஜெர்மன் வனத்துறைக்காரர், இலங்கையிலிருந்து வந்த ஒரு சிறு வண்டுக்கு ஃபோர்னிகேட்டஸ் என்று பெயர் வைத்தார். (சிரிக்காதீர்கள். லத்தீனில் அதற்கு வளைந்த கூரை போன்றது என்று பொருள்.) அப்போது மலையகத்தில் கோப்பிதான் ராஜா, லூல்கந்துரையில் தேயிலை நட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு கோப்பி அழிந்து தேயிலை வந்தது, தேயிலைக் கொப்புகளைத் துளைக்கும் வண்டும் வந்தது. துளை விழுந்த கொப்பு கொழுந்து பறிக்கும்போது முறியும். எங்களில் பலருடைய பூட்டன், பூட்டியின் கை பட்ட அதே கொப்புகள். தோட்ட ஆராய்ச்சியாளர்கள் நூறு வருடத்துக்கு மேலாக அந்த வண்டை ஃபோர்னிகேட்டஸ் என்றே எழுதினார்கள். இதற்கிடையில் வேறு ஆய்வாளர்கள் 1923, 1942, 1951 என்று வெவ்வேறு காலங்களில், கிட்டத்தட்ட அதே உருவமுள்ள வண்டுகளுக்கு வேறு பெயர்களும் வைத்துப் போனார்கள். பின்னால் வந்தவர்கள், "எல்லாம் ஒன்றுதான்" என்று அத்தனையையும் ஃபோர்னிகேட்டஸுக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

நான் தரவுத்தளங்களோடு மாரடிப்பவன். எங்களுக்கு இது பழகிய தலையிடி. ஒரே சிவகுமாரன் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆட்களாகப் பதிவாகியிருப்பார், அதைச் சரிசெய்யலாம். இரண்டு எஸ். குமாரை ஒரே பதிவாகச் சேர்த்துவிட்டால் பாடு பெரும்பாடு, ஏனென்றால் எந்தக் கடிதம் யாருக்கு வந்தது என்று பிரிக்க வழியில்லை. இந்த வண்டு விஷயத்தில் இரண்டுமே நடந்திருந்தன.

டிஎன்ஏ வந்து பாதியைத் தீர்த்தது. கலிபோர்னிய வண்டும் தேயிலை வண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மரபணுவில் வேறு வேறு என்று தெரிந்தது. 2018இல் ஒரு குழு, இது ஒரு இனமல்ல, நான்கு என்று எழுதியது: மரங்களைக் கொல்லும் வண்டு ஒன்று, தேயிலை வண்டுகள் இரண்டு, குரோஷியோ என்று புதிதாகப் பெயர் பெற்ற நான்காவது ஒன்று.

சரி, ஃபோர்னிகேட்டஸ் என்ற பழைய பெயர் இந்த நான்கில் யாருக்கு? இங்கேதான் டிஎன்ஏ வாயடைத்து நிற்கிறது. மரபணு, "நாங்கள் வேறு வேறு" என்று மட்டும்தான் சொல்லும். ஐகோஃப் 1868இல் கையில் வைத்திருந்தது எது என்று அதற்குத் தெரியாது. விலங்கியல் பெயரிடல் விதிப்படி, ஒரு பெயர் ஒரு வர்ணனைக்கோ படத்துக்கோ சொந்தமில்லை. மூல மாதிரி எனப்படும் குறிப்பிட்ட ஓர் உடலுக்குச் சொந்தம். அந்த உடல் எந்த இனமோ, பெயரும் அந்த இனத்துக்கு. ஐகோஃபின் மாதிரிகளில் பெரும்பகுதி ஹம்பர்க் அருங்காட்சியகத்தில் இருந்தது. 1943 குண்டுவீச்சில் அது எரிந்தது. ஃபோர்னிகேட்டஸின் மூல மாதிரியும் தொலைந்தது என்றே நம்பினார்கள். ஆகவே 2018 குழு அந்தப் பெயரைத் தேயிலை வண்டுகளில் ஒன்றுக்குக் கொடுத்தது. மரக்கொல்லிக்கு 1942இல் வைக்கப்பட்டுக் கிடந்த விட்ஃபோர்டியோடென்ட்ரஸ் என்ற பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

ஒரு வருடம்தான். தொலைந்ததாக நினைத்த அந்த மாதிரி கிடைத்துவிட்டது. முன்முதுகின் நீளம், இறக்கை உறையின் நீளம் என்று அளந்து பார்த்தார்கள். 1868இன் சிலோன் வண்டு, மரக்கொல்லியின் அளவுகளோடு பொருந்தியது. 2019இல் வெளிவந்த திருத்தத்தில் 2018 கட்டுரையை எழுதியவர்களில் சிலரும் இருந்தார்கள், அது எனக்குப் பிடித்த விஷயம். முடிவு இதுதான்: மரங்களைக் கொல்வதுதான் உண்மையான ஃபோர்னிகேட்டஸ். விட்ஃபோர்டியோடென்ட்ரஸ் பெயர் அதற்குள் அடங்கிவிட்டது. தேயிலை வண்டுகள் இரண்டுக்கும் 1923, 1951ஆம் ஆண்டுகளின் பெயர்கள் திரும்ப வந்தன: ஃபோர்னிகேட்டியர், பெர்ப்ரெவிஸ்.

"பெயர்தானே, மரத்துக்கு என்ன?" என்று கேட்கலாம். ஒரு நாட்டின் துறைமுக அதிகாரி கையில் இருப்பது பெயர்ப் பட்டியல். எந்தப் பூச்சி வந்தால் சரக்கைத் திருப்பி அனுப்புவது, எந்த ஊரை மூடுவது என்பதைப் பெயரை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். முன்பு எழுதிய ஆய்வுகளைத் தேடுவதும் பெயரை வைத்துத்தான். ஃபோர்னிகேட்டஸ் என்று தேடினால் ஒரு நூற்றாண்டுத் தேயிலை ஆராய்ச்சி வந்து விழும். அதில் எவ்வளவு பேர்த்தின் வண்டைப் பற்றியது? அந்தக் கால ஆய்வாளர் சில வண்டுகளை ஊசியில் குத்தி, திகதியும் இடமும் எழுதிப் பெட்டியில் வைத்திருந்தால் இன்றைக்கும் அளந்து சொல்லலாம். வைக்காவிட்டால் அந்தக் கட்டுரை எந்த வண்டைப் பற்றியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

இதனால்தான் என் துறைக்காரர்கள் சிலர், "எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிவிட்டுப் பெட்டிகளை மூடிவிடலாம்" என்று சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. படம் எடுப்பது நல்லது, யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் பார்க்கலாம். ஆனால் படம், எடுத்தவர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மேலிருந்து எடுத்த படத்தில் வயிற்றுப் பக்கம் இல்லை. எந்தப் படத்திலும் டிஎன்ஏ இல்லை. நூறு வருடத்துக்கு முந்திய உலர்ந்த பூச்சிகள் பலவற்றிலிருந்து அதை இப்போது எடுக்கிறார்கள். பேக்அப் இருக்கிறது என்பதற்காக மூலத்தை அழிக்கிறவனை எங்கள் அலுவலகத்தில் வேலைக்கு வைத்திருக்க மாட்டோம்.

ஆனாலும் மூடுகிறார்கள். 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகள் கொண்ட தன் சேகரிப்பை மூடப்போவதாக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2024இல் அறிவித்தது. அவ்வளவு காசுள்ள இடத்திலேயே இந்த நிலை. பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018இல் எரிந்தபோது போன பூச்சிகள் ஏறத்தாழ 50 இலட்சம். ஹம்பர்க் மீது குண்டு விழுந்தது. ரியோவில் பராமரிக்கப் பணம் ஒதுக்கவில்லை.

உங்களில் சிலர் உயிரியல் படிக்கிறீர்கள், சிலர் மாநகர சபைகளில் வேலை பார்க்கிறீர்கள். பேர்த்தில் இனி எந்த மரத்தை வெட்டினாலும், அதற்குள் இருந்த வண்டுகளில் நாலைந்தை எடுத்து, தெருப் பெயரும் திகதியும் எழுதி, ஓர் அருங்காட்சியகப் பெட்டியில் வைக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். வெட்டிய மரத்தை அகற்றும் லொறிக் கூலியோடு பார்த்தால், ஊசிக்கும் காகிதத்துண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.