‘வாங்கு’ எண்டு சொல்லுறதுக்கு ஆர் காசு குடுக்கிறது?

எங்கட வட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருக்காவாவது ஆராவது ஒரு பி.டி.எஃப் போடுவார்கள். ஒரு கம்பனியின் பெயர், பச்சை எழுத்தில் ‘வாங்கு’, பக்கத்தில் அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கான இலக்கு விலை. அதையும் சதக் கணக்கில் போட்டிருக்கும். பின்னேரம் மழை வருமோ எண்டே உறுதியாச் சொல்லேலாது. இவைக்கு வாற வருச விலை சதம் பிசகாமல் தெரியும்!

அந்த இலக்கு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். அடுத்த வருடம் ஒரு பங்குக்கு 10 ரூபா காசு வரும், எதிர்பார்க்கும் வருமான வீதம் 12, வளர்ச்சி வருடாவருடம் 4 என்று வைத்தால், மிச்சம் 8 வீதம். பங்கின் பெறுமதி 125 ரூபா. வளர்ச்சியை 6 என்று மாற்றுங்கள், பெறுமதி 166 ரூபாவைத் தாண்டும். கம்பனியில் ஒன்றும் மாறவில்லை. ஒருவர் கீபோர்டில் ஒரு எண்ணை மாற்றினார், அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் எங்கட மத்திய வங்கி ஒரே அடியில் வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது. முதல் நாள் வரை போட்டு வைத்த கணக்கெல்லாம் என்ன ஆகியிருக்கும்?

சரி, பிழை எல்லாருக்கும் வரும். ஆனால் எங்கட கோபம் பிழையில் இல்லை, அது எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்தான். 2001 நவம்பர் 8 என்ரோன் பல வருட இலாபக் கணக்கு பிழை என்று ஒப்புக்கொண்டது. அன்றைக்கும் அதைக் கவனித்த 15 ஆய்வாளர்களில் 10 பேர் ‘வாங்கு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 2 அது வங்குரோத்து. மெரில் லிஞ்சில் ஹென்றி புளொட்ஜெற் வெளியே நல்ல மதிப்பீடு கொடுத்த பங்கையே உள்ளே மின்னஞ்சலில் குப்பை என்று எழுதினார். அறியாமை இல்லை, தெரிந்தே செய்தது. ஏனெண்டால் அந்தக் கம்பனிகளின் பங்கு வெளியீட்டு வேலையை அதே வங்கிதான் எதிர்பார்த்து நின்றது. 2003 இல் பத்து நிறுவனங்கள் சேர்ந்து ஏறக்குறைய 1.4 பில்லியன் டொலர் கட்டின. புளொட்ஜெற்றுக்கு வாழ்நாள் தடை. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, நல்ல வசதி!

அங்கே நடந்தது, இங்கே என்ன என்று கேட்பீர்கள். தரகு நிறுவனம் நாங்கள் வாங்கினாலும் விற்றாலும் கமிஷன் எடுக்கும். ‘வில்’ என்றால் வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் அது செய்தி. ‘வாங்கு’ என்றால் ஊருக்கே செய்தி. ‘வில்’ என்று எழுதினால் கம்பனி முகாமையாளர் அடுத்த முறை தொலைபேசி எடுக்கமாட்டார். அதனால்தான் ‘வைத்திரு’ என்றொரு சொல். அதை நாங்கள் ‘ஓடு’ என்றே வாசிக்கிறோம்.

அறிக்கையின் உள்பக்கங்களில் கடன், காசோட்டம் பற்றிய அட்டவணைகள் இருக்கும். அவை உதவும், வாசியுங்கள். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தையும் வாசியுங்கள். இலக்கு விலையை விட்டுவிடுங்கள்.

இனிமேல் குழுவில் பி.டி.எஃப் போடுற ஆள், அதே ஆய்வாளர் அதே கம்பனிக்குப் போன வருசம் போட்ட இலக்கையும் சேர்த்துப் போடட்டும்.